கடைசியில் வருபவளுக்குக் கைதட்டல்

பிப்ரவரி 3, செவ்வாய்

முழங்கால் இன்று பரவாயில்லை. படி இறங்கும்போது மட்டும் உள்ளே ஏதோ அரைபடுகிற சத்தம்.

காலையில் பெரிய மேடம் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சுற்றறிக்கையை வாசித்தார். பதின்வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தே வளர்கிறார்களாம். இனி எல்லாப் பள்ளிகளிலும் தினமும் முதல் பாடவேளையில் உடலை அசைக்க வேண்டும். மருத்துவர் சீட்டு உள்ளவர்களைத் தவிர யாருக்கும் விலக்கு இல்லை. திட்டத்தின் பெயர் 'அசைவு நேரம்'. எனக்கு ஒன்பதாம் வகுப்பு.

வெளியே வரும்போது கணக்கு சார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "இத்தன வருஷமா உங்க பி.டி. பீரியட நான் கடன் வாங்கினேன் மிஸ். இப்படி மொத்தமா வட்டியோட கேப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். ஆனால் உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? விசில் ஊத ஆரம்பித்த நாளிலிருந்து என் வகுப்பு என்றால் மழை வந்தால் ரத்து, தேர்வு வந்தால் ரத்து, கணக்கு சாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் ரத்து. முதல் தடவையாக ஒருவரும் கை வைக்க முடியாத நேரம் எனக்கென்று வந்திருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் ஜனங்கள நடக்க விடாம மேல தூக்கிட்டுப் போறேன், நீ பிள்ளைங்கள நிக்க விடாம துரத்தப் போற. நல்ல குடும்பம்" என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

மைதானம் என்று சொல்கிறோம். கட்டடத்துக்குப் பின்னால், மதில் சுவருக்கும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கும் நடுவே உள்ள மண் தரை, அவ்வளவுதான். தூரத்து மூலையில் தண்ணீர்க் குழாய். கொட்டகை முன்னால் போட்ட சுண்ணாம்புக் கோட்டிலிருந்து கிளம்பிக் குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தால் ஒரு சுற்று. இரண்டு சுற்று ஓடச் சொன்னேன். ஓட முடியாதவர்கள் நடக்கலாம், நிற்கக் கூடாது.

முதலில் வந்தவன் 'ராக்கெட்'. அந்தப் பெயரை அவனே தனக்கு வைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். அப்புறம் கூட்டமாக எல்லாரும். அவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கதை பேச ஆரம்பித்த பிறகும் ஒரு பெண் குழாய்ப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கனத்த உடம்பு. சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி ஓடினாள். நிற்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பையன்களில் ஒருவன் ஏதோ சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. விசில் அடித்தேன். "எல்லாரும் எழுந்திருங்க. கடைசியா வர்றவங்கதான் ரொம்ப நேரம் ஓடினவங்க. கைதட்டுங்க!"

எழுந்தார்கள். தட்டினார்கள். சிரித்தவனும் தட்டினான். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி கோட்டைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குள் போய்விட்டாள். கூச்சம், பழகிவிடும்.

இனி இதுதான் நம் வகுப்பின் வழக்கம் என்று அறிவித்தேன். இதற்கு முன் எத்தனை சிறுமைகளை இதே மண்ணில் பார்த்திருக்கிறேன். இன்று ஒன்றைத் தடுத்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்றும் தட்டினார்கள். இன்றும் அவளே கடைசி.

பிப்ரவரி 13, வெள்ளி

அவள் ஓடும்போது ஏதோ முணுமுணுப்பதைக் கவனித்தேன். இன்று குழாயருகே நின்று கேட்டேன். வாய்ப்பாடு! மூச்சு வாங்க வாங்க ஏழாம் வாய்ப்பாடு. ஒரு அடிக்கு ஒரு சொல். சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் சொன்னதும் கணக்கு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்: "அவளா? என் கிளாஸ்ல அவதான் ஃபர்ஸ்ட் மிஸ். உங்க கிளாஸ்ல லாஸ்ட்டா? அப்ப உங்க கிளாஸ்லதான் ஏதோ தப்பு." வேடிக்கையாகத்தான் சொன்னார்.

எனக்குள் அவளுக்கு வாய்ப்பாடு என்று பெயர் வைத்துவிட்டேன்.

பெரிய மேடம் இன்று ஜன்னலிலிருந்து கைதட்டலைப் பார்த்தாராம். மதியம் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "ஜெயிச்சவனுக்கு எல்லாரும் தட்டுவாங்க. நீங்க தோத்தவளுக்குத் தட்ட வெச்சீங்க. இத மேல எழுதி அனுப்பப் போறேன்." பூரித்துப்போனேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கென்று ஒரு பேனா வாங்கிக்கொண்டேன், காரணமே இல்லாமல்.

பிப்ரவரி 19, வியாழன்

மாடி நடையில் யாரோ யாரையோ "ஏய் கைதட்டு, வழி விடு" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. இந்தப் பிள்ளைகள் வைக்கும் பெயர்கள்! போன வருடம் ஒருவனுக்கு 'இரண்டாம் பந்தி'.

பிப்ரவரி 24, செவ்வாய்

வாய்ப்பாடு வரவில்லை. வயிற்று வலி என்று அம்மாவின் சீட்டு. போன வாரமும் இரண்டு நாள் இதே சீட்டு. வகுப்புக்கு இரண்டாம் பாடவேளையில் வந்துவிடுகிறாளாம்.

கடைசியாக இன்று வேறொருவன் வந்தான். தட்டினார்கள், ஆனால் உற்சாகமே இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

மழை. முழங்கால்.

மார்ச் 2, திங்கள்

கணக்கு சார் டீ டம்ளரோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேலி இல்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு இன்னைக்கு என் கிளாஸுக்கு லேட்டா வந்தா. கதவத் தொறந்ததும் மொத்தக் கிளாஸும் எழுந்து நின்னு கைதட்டுச்சு. நான் மொதல்ல எனக்குன்னு நெனைச்சேன்."

"உங்களுக்கா?"

"கேளுங்க. அப்புறம் போர்டுல கணக்குப் போட எழுந்தா, தட்டுறாங்க. உக்காந்தா தட்டுறாங்க. என்னடா இதுன்னு அதட்டினேன். 'பி.டி. மிஸ்தான் சார் சொன்னாங்க, அவளுக்குத் தட்டணும்னு'ன்னு ஒருத்தன் சொல்றான். என்ன பண்றது? தட்டுனதுக்கு எப்படி அடிக்கிறது, திட்டறது?"

கைதட்டு என்பது அவள்.

படியில் இறங்கும்போது தட்டுகிறார்களாம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் தட்டுகிறார்களாம். கழிவறையிலிருந்து வெளியே வந்தால் — எழுதவே கை கூசுகிறது — வாசலில் காத்திருந்து தட்டுகிறார்களாம். சத்தமாகக்கூட இல்லை. விரல் நுனியால், மெதுவாக, மரியாதையாக. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. தள்ளுவது கிடையாது. தண்டிக்கிற மாதிரி ஒன்றுமே கிடையாது. அப்படி ஒரு ஆயுதத்தைச் செய்து அவர்கள் கையில் கொடுத்தது யார்?

மார்ச் 3, செவ்வாய்

அவள் அம்மா வந்தார். மருந்துக் கடையில் வேலை, அந்த வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சீட்டெல்லாம் நான் எழுதினதுதான் மிஸ். பொய்தான். அவளுக்கு வயித்து வலி இல்ல."

"தெரியும்மா. ஆனா ஓடறது அவளுக்கு நல்லதுதானே —"

"நான் ஓட வேணாம்னு சொல்லல. அந்தத் தட்டறத நிறுத்துங்க."

இங்கேதான் நான் செய்ததை அப்படியே எழுத வேண்டும். நேற்றே எல்லாம் தெரியும். தெரிந்திருந்தும், "அது ஊக்கம்மா. மத்தவங்க அதத் தப்பா எடுத்துட்டாங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது. வாய்க்கு என்ன, அது எப்போதும் என் பக்கம்.

அந்தம்மா விடவில்லை. "டி.வி.ல யாராச்சும் கைதட்டினாக்கூட எந்திரிச்சு உள்ள போயிடறா மிஸ். ஊக்கம் அவ்ளோ தூரம் வந்திருக்கு."

தட்டல் நிற்காவிட்டால், இந்தப் பருவம் முடிந்ததும் அவளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பி அங்கேயே வேறு பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். மகளை விட்டுப் பிரிந்து இருந்ததே இல்லையாம். "நான் இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன்" என்றார்.

நாளையே நிறுத்துகிறேன் என்று சொன்னேன்.

மார்ச் 4, புதன்

நிறுத்தவில்லை.

காலையில் மைதானத்துக்குப் போகும் முன்பே பெரிய மேடம் பிடித்துக்கொண்டார். திட்ட அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார், கூடவே கேமரா. நம் கைதட்டலைப் படம் எடுத்து மற்றப் பள்ளிகளுக்குக் காட்டப் போகிறார்கள்.

"மேடம், அத நிறுத்தலாம்னு இருக்கேன். அந்தப் பொண்ணுக்கு —"

"நிறுத்தலாம், நிறுத்தலாம், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். அதப் பார்க்கத்தானே வர்றாங்க? கல்யாணத்துக்கு அழைச்சிட்டு மாப்பிள்ளை இல்லன்னா எப்படி?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு இருப்பால்ல?"

இருப்பா மேடம் என்றேன்.

ஏன் சொன்னேன்? என் பெயர் சொல்லி யாரும் படம் எடுக்க வந்ததில்லை. அதுதான். வேறு காரணம் தேடினால் கிடைக்கும், தேட வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

இடைவேளையில் அவளை நூலகத்தில் கண்டேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடினாள்.

நான் சொன்னது: "நாளைக்கு மட்டும் வந்து ஓடுடா கண்ணா. அதுக்கப்புறம் யாரும் உனக்குத் தட்ட மாட்டாங்க. மிஸ் பாத்துக்கறேன்."

அவள் கேட்டது: "இதான் கடைசித் தடவையா மிஸ்?"

"இதான் கடைசி."

"சரி மிஸ்."

பதினாலு வயசுப் பெண்ணிடம் நான் பேரம் பேசினேன். அவளுடையதையே அவளுக்கு விலையாகக் கொடுத்தேன். அவளும் நம்பினாள்.

மார்ச் 6, வெள்ளி

வந்தாள். தலையை இறுக்கப் பின்னியிருந்தாள். சட்டை இஸ்திரி போட்டது. படம் எடுப்பார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

ஓடினாள். தட்டினார்கள். கேமரா இருந்ததால் கை வலிக்கத் தட்டினார்கள். ராக்கெட் விசில்கூட அடித்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கேமராக்காரர் கையை உயர்த்தினார். "பாப்பா, நடுவுல வெயில் மறைஞ்சிடுச்சு. அந்தக் குழாய்கிட்ட இருந்து இன்னொரு தடவ வர்றியா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அதிகாரி என் பக்கத்தில் நின்றிருந்தார், பெரிய மேடம் அந்தப் பக்கம். நான் தலையை அசைத்தேன். போ என்று.

அவள் நடந்து குழாய் வரை போனாள். திரும்பினாள். சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இந்தத் தடவை உதடு அசையவில்லை.

"டீச்சரும் தட்டுங்க, ஃபிரேம்ல இருக்கீங்க" என்றார் கேமராக்காரர்.

தட்டினேன்.

மார்ச் 7, சனி

எழுத முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

அவள் வரவில்லை. சீட்டும் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

நாலாவது நாள். முதல் பாடவேளைக்கு மட்டுமல்ல, பள்ளிக்கே வரவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை.

இன்று வகுப்பில் கைதட்டலை நிறுத்திவிட்டதாகச் சொன்னேன். "ஏன் மிஸ்?" என்றார்கள். நிஜமாகவே ஏன் என்று கேட்டார்கள். இனி இல்லை, அவ்வளவுதான் என்றேன். கடைசியாக வந்த பையனுக்கு இரண்டு பேர் பழக்கத்தில் தட்டிவிட்டார்கள். கத்தினேன். நான் அப்படிக் கத்தி அவர்கள் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? போன வாரம் வரை தட்டச் சொன்னவள் இந்த வாரம் தட்டியதற்குக் கத்துகிறாள்.

மார்ச் 14, சனி

மற்றப் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம். என்னைப் பேச அழைத்திருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வயிற்று வலி என்று ஒரு சீட்டு எழுதியிருக்கலாம்.

முதலில் படத்தைப் போட்டார்கள். பின்னணியில் இசை சேர்த்திருந்தார்கள். அவள் குழாயிலிருந்து வருகிறாள், மெதுவாக ஓடும்படி வேகத்தைக் குறைத்திருந்தார்கள். உடம்பின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தது. பிறகு நான், சிரித்துக்கொண்டு தட்டுகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு செய்முறை. அதிகாரி, "வாங்க, நாமளே ஓடிப் பார்ப்போம். சும்மா ரெண்டு சுற்று" என்றார். அரங்கத்துக்கு வெளியே நல்ல மைதானம். எல்லாரும் கிளம்பினார்கள். பாதிப் பேருக்குத் தொப்பை, நான் கடைசியாக வர மாட்டேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதே எவ்வளவு கேவலம்! இரண்டாம் சுற்றின் பாதியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நடந்தேன். நொண்டினேன். தொப்பைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

நிமிர்ந்து பார்த்தபோது மைதானத்தில் நான் மட்டும் இருந்தேன். எதிர்ப்பக்கம் எல்லாரும் கோட்டருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கத்தினார்: "மிஸ் வர்றாங்க, எல்லாரும் எழுந்திருங்க!"

தட்ட ஆரம்பித்தார்கள்.

இதை நிதானமாக எழுத வேண்டும். தட்டல் ஆரம்பித்ததும் முதலில் தோன்றியது, முகத்தை என்ன செய்வது என்பதுதான். அழக் கூடாது. சும்மா இருந்தால் கர்வம் என்பார்கள். ஆகவே சிரித்தேன். ஓடவும் முடியவில்லை, நடந்தால் இன்னும் நீளும், நிற்கவே முடியாது. கைதட்டுகிறவர்களை எப்படிக் காக்க வைப்பது? வலியோடு ஓடுவதுபோல் நடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எப்படி ஆடுகிறது என்று எனக்கே தெரிந்தது, இத்தனை வயதில் முதல் தடவையாக. கை தானாகப் போய்ச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. எல்லாம் நல்ல முகங்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

கோட்டைத் தாண்டியதும் நன்றி சொன்னேன். அவர்களுக்கு! நன்றி வேறு!

மார்ச் 15, ஞாயிறு

அவரிடம் முகாமில் கடைசியாக வந்ததை மட்டும் சொன்னேன். மதியம் சாப்பிட்டுவிட்டு முழங்காலைப் பிடித்தபடி தரையிலிருந்து எழுந்தேன். அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

நான் அழுததும் பயந்துவிட்டார். "என்னம்மா, சும்மா வெளையாட்டுக்குத்தானே…"

சும்மா விளையாட்டுக்கு. ஆமாம்.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நூலகம், குழாய், தலையசைப்பு. ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு வீடு எங்கன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

போனேன். அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மா கதவைத் திறந்து, என் மூச்சு வாங்கலைப் பார்த்து, உள்ளே வரச் சொன்னார். வேறு எதற்காகவும் விட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது.

சின்னக் கூடம். சுவரோரம் ஒரு தையல் இயந்திரம், அதன் மேல் அவள் பள்ளிப் பை. உள்ளறைக் கதவு முக்கால் பங்கு மூடியிருந்தது.

"வெளிய வர மாட்டா. இங்கேருந்தே பேசுங்க" என்றார் அம்மா.

கதவைப் பார்த்துப் பேசினேன். நான் சொன்னது உனக்குக் கொடுத்த வாக்கு, அதை நானே உடைத்தேன், கேமராக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என்மேல்தான் தப்பு. முகாமில் நடந்ததையும் சொன்னேன். சொல்லும்போதே, இதை எதற்குச் சொல்கிறேன், அவள் பரிதாபத்தையும் வாங்கிக்கொள்ளவா என்று தோன்றியது. ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

உள்ளேயிருந்து அவள் குரல்:

"உங்களுக்கு எத்தன பேர் தட்டினாங்க மிஸ்?"

"அம்பது பேர் இருக்கும்மா."

"எங்க கிளாஸ விட ஜாஸ்தி."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பா, வேறா தெரியவில்லை.

"இனிமே நீ ஓட வேண்டாம். நான் மேடம்கிட்ட பேசி விலக்கு வாங்கித் தரேன்" என்றேன்.

"ஓடறது பிடிக்கும் மிஸ்."

பிடிக்குமா?

"மொத நாள் வரைக்கும் பிடிச்சுது. ஓடினா தல லேசா இருக்கும். ஆனா எல்லாரும் முடிச்சிட்டுத் திரும்பிப் பாப்பாங்க. நான் இன்னும் வந்துட்டே இருப்பேன்." அப்புறம், "சிரிச்சப்பகூட நாலு பேருதான் பாத்தாங்க. நீங்க சொன்னதுக்கப்புறம் எல்லாரும் பாத்தாங்க. நீங்களும்."

"நான் என்ன செய்யணும்?"

"தெரியல மிஸ்." பிறகு, "நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னாக்கூடப் போதும்."

வாசலில் அம்மா சொன்னார்: "டி.சி. கேட்டு எழுதின லெட்டர் என் பையிலயே இருக்கு மிஸ். குடுக்கல. கிழிக்கவும் இல்ல."

மூன்று மாடி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் முழங்கால் அரைபட்டது.

மார்ச் 18, புதன்

அதிகாரிக்குப் போன் செய்தேன். படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"எதுக்கு மிஸ்? எல்லாரும் பாராட்டறாங்க."

"அந்தப் பொண்ணு சம்மதிக்கல சார். நான்தான் சம்மதிக்க வெச்சேன்."

தங்களிடம் இருப்பதை எடுத்துவிடலாம், மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பியதை என்ன செய்வது என்றார். ஏதோ ஒரு பள்ளியில் யாரோ ஒரு விளையாட்டு ஆசிரியர் நாளைக் காலை விசில் அடித்து, எழுந்து நின்று தட்டுங்கள் என்று சொல்லப் போகிறார். எத்தனை பிள்ளைகள்?

முகாமுக்கு வந்தவர்களின் எண்களை வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். பாதிப் பேர் நான் தன்னடக்கத்தில் பேசுவதாக நினைக்கிறார்கள்.

பெரிய மேடம் பேசுவதில்லை. வணக்கம் சொன்னால் கோப்பைப் பார்க்கிறார்.

மார்ச் 23, திங்கள்

கோட்டை அழித்தேன். கொட்டகை முன்னால் சுண்ணாம்பால் போட்டிருந்த அந்தக் கோட்டை, செருப்புக் காலால், நானே.

இனிச் சுற்று இல்லை. மணி அடிக்கும் வரை யார் எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். ஓடலாம், நடக்கலாம், மதிலோரம் பந்து அடிக்கலாம், கயிறு தாண்டலாம். மணி அடிக்கும்போது எங்கே இருக்கிறார்களோ அங்கிருந்து வகுப்புக்குப் போக வேண்டியது. முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

ராக்கெட்டுக்குத்தான் கோபம். "அப்ப நான் ஃபர்ஸ்ட் வந்தா யார் மிஸ் பாப்பாங்க?" நியாயமான கேள்வி. சாயங்காலம் பந்தயப் பயிற்சிக்கு வாடா என்றேன். அவனிடமிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டேன் என்பது தெரிகிறது.

கணக்கு சார் ஜன்னலிலிருந்து, "மிஸ், சந்தையா கூட்டியிருக்கீங்க?" என்றார்.

ஓடும் முன்பு வகுப்பை உட்கார வைத்துச் சொன்னேன். கைதட்டச் சொன்னது என் தவறு, அதை வைத்து நீங்கள் ஒருத்தியைத் துரத்தினீர்கள், அது உங்கள் தவறு, ஆனால் ஆரம்பம் என்னுடையது. எனக்கு ஐம்பது பேர் தட்டியதையும், நான் சிரித்ததையும், ஏன் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். முடித்ததும் ஒருவன் என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கத்தில் இரண்டு கையையும் உயர்த்திவிட்டான். பக்கத்துப் பெண் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வரவில்லை.

ஏப்ரல் 1, புதன்

அவள் அம்மா கூப்பிட்டார். "திங்கக்கிழமை அனுப்பறேன். ஒரு நாள். நீங்க அவகிட்ட ஒண்ணும் பேசாதீங்க மிஸ், 'வாடா கண்ணா'ன்னுகூட வேணாம்." லெட்டரைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் மணி அடித்ததும் பிள்ளைகள் வரும் முன்பே மைதானத்துக்குப் போய்விட்டேன். கொட்டகைத் தூணருகே மதிலைப் பார்த்தபடி நின்றுகொண்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறேன். யாராவது விழுந்தால் கூப்பிடுவார்கள், போவேன். மற்றபடி முதுகுதான். மேற்பார்வையே இல்லை என்று பெரிய மேடம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாராம். எழுதட்டும்.

மதிலில் என் கண் உயரத்துக்கு ஒரு விரிசல் இருக்கிறது. அதில் எறும்புகள் வரிசையாகப் போகின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் கூச்சல், பந்து மோதும் சத்தம், ராக்கெட்டின் சண்டை. காலடிகள் வந்து வந்து போயின. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. வந்திருக்கிறாளா? வராவிட்டால்? விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு காலடி, கனமாக, ஒரே சீராக, கொட்டகைப் பக்கம் வந்தது. நிற்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் கடந்து போனது. மூச்சு வாங்க வாங்க,

"ஏழெட்டு… அம்பத்தாறு. ஏழொம்போது… அறுபத்தி… ஒண்ணு."

அறுபத்து மூன்று. கணக்கு சாரின் முதல் மாணவி.

எறும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருத்தவில்லை.